பாட்டுச் சந்தாவில் நிவீனின் பெயர்

நிவீன் அப்பா,

காலை ஃபூல் மசியலுக்கு வைத்த மொச்சை பாதி வெந்து கிடக்கிறது, கேஸ் தீர்ந்துவிட்டது. நேற்று சிலிண்டர்காரன் தெரு முழுக்கத் தட்டிக்கொண்டு போனான். உங்கள் காதில் ஹெட்போன். இன்றைக்காவது ஒரு காதைத் திறந்து வையுங்கள்.

"உண்மையான ரசிகன் நடுவுல விளம்பரம் வந்தா தாங்க மாட்டான்"னு பிரசங்கம் செய்தீர்களே, அந்தப் பாட்டுச் சந்தாவை நிறுத்தத்தான் காலையில் உங்கள் போனை எடுத்தேன். மாதம் அரைக் கோழிக் காசு.

குடும்பச் சந்தாவில் நிவீன் பெயரை நீங்கள் எடுக்கவே இல்லை. சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்ட மகளிடம் பேச மாட்டேன் என்றவர், அஸ்வான் ஊரில் இருந்து அவள் அதில் சேர்த்து வைக்கிற பாட்டுகளைத் தினமும் கேட்கிறீர்கள்.

சந்தா இருக்கட்டும். வேலையிலிருந்து வந்து சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

மக்தா

பி.கு.: அவளுக்குப் போன் போடுங்க. அதிலும் நடுவுல விளம்பரம் வராது.