உன் ஊரில் நான் போட்ட ரூம்

அரசலாற்றங்கரை லாட்ஜில் அறையைத் திறந்ததும் பினாயில் நெடி மூக்கில் ஏறியது. கூடவே உன் குரல். "காரைக்கால்ல நீ ரூம் போட்டேன்னு தெரிஞ்சுது, தொலைச்சிருவேன்டி." போட்டுவிட்டேன். முடிந்தால் வந்து தொலைத்துப் பார்.

ஊருக்கெல்லாம் தங்குமிடம் சொல்பவள் நீதான். "சனிக்கிழமை வராதீங்க, திருநள்ளாறு கூட்டத்துல ரூமே கெடைக்காது. பஸ் ஸ்டாண்டு பக்கம் வேணாம், விடிய விடிய ஹாரன். ஆத்தங்கரைப் பக்கம் எடுங்க, காலையில பீச் வரைக்கும் நடக்கலாம்." யார் போன் செய்தாலும் இதே பாட்டு. எனக்கு மட்டும் அது கிடையாது. கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த பழக்கம், திருச்சியிலிருந்து வந்தால் நேரே உன் வீடுதான். வருஷா வருஷம் மாங்கனித் திருவிழாவுக்கு வருவேன். வேதக்காரியான நீ மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மாடியிலிருந்து இறைக்கிற மாம்பழத்தைப் பிடிக்க என்னை முந்துவாய். வேண்டிக்கொண்டு வந்த நான் வெறுங்கையோடு நிற்பேன்.

இந்த வருஷம் வராமலே இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஆனால் நீ கண்ணை மூடிய பிறகு உன் வீட்டுக்கார அண்ணன் ஒற்றை ஆளாக இருக்கிற வீட்டில் நான் எப்படித் தங்குவது? அக்கம்பக்கம் பேசும். அவருக்கும் சங்கடம். இனி இந்த ஊர் எனக்கு வெளியூர்தான் என்று நினைத்தபோது அழுதுவிட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று போனேன்.

லாட்ஜில் இருக்கிறேன் என்றதும் அண்ணன் கோபப்படவில்லை. "சாவியக் குடுங்கம்மா" என்றார். ரூமைக் காலிசெய்யத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். உள்ளே போனவர் ஒரு கைலியையும் துண்டையும் பையில் திணித்துக்கொண்டு வந்தார்.

"நீங்க இங்க இருங்க. நான் அங்க போயி படுத்துக்கிறேன்."

"என்னண்ணே இது, சொந்த வீட்ட வுட்டுட்டு?"

"அவ போனதுலேருந்து இங்க எனக்குத் தூக்கமே வரலம்மா. உள்ளூர்க்காரன் லாட்ஜுல போயி படுத்தா சிரிப்பாங்க. இப்ப ஒறவுக்காரங்க வந்திருக்காங்கன்னு சொல்லிக்கலாம்ல."

கூடப் போய் ரூமை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை இட்லிப் பொட்டலத்தோடு வந்தார். முகம் தெளிந்திருந்தது. "நல்லா தூங்கிட்டேம்மா" என்றார், ஏதோ தப்புச் செய்துவிட்டவர் போல. பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "அடுத்து எப்ப வருவீங்க?" என்று கேட்டார்.

உன் வீட்டில் நான் தூங்கினேனா என்று மட்டும் கேட்காதே.

அடுத்த மாதமே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். திருவிழாவும் இல்லை, எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. ரூம் போட்டாயிற்று. இத்தனை வருஷம் உன் வீட்டில் கவலையில்லாமல் தூங்கியவள் நான். அவருக்கு இதையாவது செய்கிறேன்டி.