எட்டுத் தடவையும் சின்னதுதான்

ஏங்க,

நாலு மணிக்குக் கடைக்காரர் வருவார். கேட்டுப் பார்க்கத் தந்த இரண்டு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரில் பெரியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நேற்று நான் "ரெண்டும் ஒண்ணாத்தானே கேக்குது" என்றதற்கு, "உனக்குக் காதே இல்ல" என்றீர்கள். அப்புறம் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, என்னை ஹெட்போன் ஒயரை இரண்டிலும் மாற்றி மாற்றிச் செருகச் சொன்னீர்களே, அந்தக் கோபத்தில் நான் ஒருமுறைகூட மாற்றவில்லை. எட்டுத் தடவையும் சின்னதுதான் பாடியது. நீங்களோ, "ஆகா, இதான் பெருசு!" என்று நாலு தடவை உருகினீர்கள். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள்.

பி.கு.: சின்னதில் இரண்டு ஹெட்போன் செருகலாம், பார்த்தேன். சாயங்காலம் சேர்ந்து கேட்போம். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று இந்தக் காதில்லாதவளுக்கு.