கமலாக்காவின் கல்வெட்டும் என் தேத்தண்ணியும்

இஞ்சாருங்கோ, என்ரை அருமை மனிசன்,

நாளை உங்கள் ஆட்டத் திவசம், நீங்கள் போய் ஒரு வருசம். வீடு கழுவியாயிற்று, கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போக வாடகை வானும் சொல்லியாயிற்று. ஆனால் எனக்கு உங்களோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

ஊரில் யார் செத்தாலும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வரும் சனத்துக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை, அந்தக் கல்வெட்டை, நீங்கள்தானே பாட்டெழுதிக் கணினியில் அடித்துக் கொடுப்பீர்கள்? அடுத்த தெருக் கமலாக்காவின் கல்வெட்டில் அவர் கணவர் புலம்புவதாக ஒரு வரி: "ஏசிக்கொண்டே தேநீர் தந்த என் கண்ணே." சபையே அழுதது. எனக்கு வயிறு எரிந்தது. கமலாக்கா தேத்தண்ணி தந்ததை நீங்கள் எங்கே கண்டீர்கள்? என்னை ஒருநாளாவது "கண்ணே" என்றிருப்பீர்களா? "இஞ்சரும்" தானே என் பெயர்!

கேட்டதற்கு, "பழைய கல்வெட்டு ஒண்டிலை பேரை மாத்தினனான். உமக்கென்ன விசரே?" என்றீர்கள். உங்கள் வழக்கம் அதுதான். ஆனால் அந்தப் பழைய கல்வெட்டு யாருடையது?

பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவள் சும்மா விடுவேனா? பிஸ்கட் பேணிக்குள் கிடந்த உங்கள் பழைய பிளொப்பி வட்டுகளைத் துருவிப் பார்க்க நானே ஒரு மென்பொருள் எழுதினேன். அழித்த கோப்பும், அதன்மேல் வேறொன்று எழுதும்வரை வட்டில் கிடக்கும். பழைய எழுத்துரு என்பதால் முதலில் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. அதையும் தமிழாக்க வைத்தேன்.

மகள் சிரித்தாள். "அம்மா, செத்த மனிசரோடை உங்களுக்கு என்ன சண்டை?"

"நீ சும்மா இரு பிள்ளை. அந்த மனிசனை எனக்குத் தெரியும்."

நேற்று அகப்பட்டது. கமலாக்காவின் கோப்புக்கு முந்தியது, நீங்கள் அழித்தது. அதே வரி. பெயர் இருந்த இடத்தில் பவளம். என்ரை பெயர்! கோப்பின் திகதி, எனக்கு ஒப்பரேசன் நடந்த நாள்.

அன்று ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே நின்று, "ஒண்டுமில்லை, வந்திடுவீர்" என்று சிரித்தீர்களே. வீட்டுக்கு வந்து, உயிரோடு கிடந்த பெண்சாதிக்குக் கல்வெட்டா எழுதினீர்கள்? என்ன மனிசனப்பா நீங்கள்! மேசையில் தலைவைத்து அழுதேன். பிறகும் எரிச்சல் போகவில்லை. எனக்கு எழுதியதை எடுத்து ஏன் கமலாக்காவுக்குக் கொடுத்தீர்கள்?

என் அந்தியேட்டிக்கு ஓர் எழுத்தும் மாற்றாமல் இதைத்தான் அடிக்க வேண்டுமென்று மகளிடம் சொல்லிவிட்டேன். கமலாக்கா அங்கே இருந்தால் என் "கண்ணே"யைத் திருப்பி வாங்கி வையுங்கோ. எனக்கு அவசரமில்லை, ஆறுதலாகத்தான் வாறன். வந்ததும் முதலில் ஏச்சு, பிறகுதான் தேத்தண்ணி.

உங்கடை மனிசி,
பவளம்