சாமைக் கஞ்சிக்கு என்ன விலை

வியாழன், இரவு.

தேர்தலில் நின்றவர்களிடம் செலவுக் கணக்கு வாங்குவதுதான் இந்த மாதம் எனக்கு வேலை. தோற்றவர்களும் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் யாரோ எழுதிய தாளில் கையெழுத்தை மட்டும் போட்டு நீட்டுகிறார்கள்.

இன்று வெள்ளிமலையில், வார்டுக்கு நின்று தோற்ற சின்னப்பொண்ணு தானே எழுதிய கணக்கோடு வந்தார். நோட்டீஸ், ஜீப் வாடகை. கீழே பதினோரு வீட்டுக்காரர்களின் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘சாமைக் கஞ்சி.’

“ஓட்டு கேட்டுக்கினு போனப்ப குடிச்சது சார். ஓசியா வாங்குனதயும் எழுதணும்னு நீங்கதான சொன்னீங்க? வெலதான் தெரில. இன்னா போடட்டும்?”

“யார் வந்தாலும் ஊத்துற கஞ்சிதானேம்மா. விட்டுடுங்க.”

“ஊத்துவாங்க சார். ஆனா நான் ஓட்டு கேக்கத்தான போனேன்?”

இத்தனை வருடமாக இந்த விதியைப் படித்துக் காட்டுகிறேன். அதை ஒருவர் இவ்வளவு முழுசாக நம்பி இன்றுதான் பார்த்தேன். மலை இறங்கும் வரை அந்தப் பதினோரு பெயர்களும் மனதைவிட்டுப் போகவில்லை.

பிரசார நேரத்தில் சோதனைக்குப் போன என்னை, வேறொரு வேட்பாளர் உட்காரவைத்து பிரியாணி போட்டார். அவர் கணக்கை இப்போது எடுத்துப் பார்த்தேன். பிரியாணி இல்லை. அடியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று என் கையெழுத்து இருக்கிறது.