மூன்றாவது தண்ணீர்

பாசாரிலிருந்து வாங்கி வந்த கெராங் சிப்பிகளைப் பேசினில் கொட்டினேன். கிள்ளான் கடற்கரையின் சேற்று வாடை பிரிக்பீல்ட்ஸில் என் சமையலறைக்குள் எழுந்தது. கூடவே, தோழி, நீயும் நினைவில் வந்துவிட்டாய்.

அந்தக் கரையின் தண்ணீரையும் சேற்றையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்தே உன் உத்தியோகக் காலம் கழிந்தது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி உன்னை விடவில்லை. என் கணவர் இருந்தபோது, வெள்ளித் துகள் சேர்த்த துண்டுகளும் காலுறைகளும் வீடு முழுக்க வாங்கி வைத்திருந்தேன். கொடியில் அவற்றைப் பார்த்துவிட்டுச் சிரித்தாய்.

“என்னடி, வெள்ளியில துண்டு? மகளுக்குச் சீரா?”

“கிருமி அண்டாது, நாத்தம் வராது. உன் வீட்டுத் துண்டு மாதிரி இல்ல.”

“துவைக்கத் துவைக்க வெள்ளி கழண்டு எங்க போகுது?”

“லோங்காங்குல போகுது. எங்க போனா உனக்கென்ன லா?”

“சாக்கடைக்கு அப்புறம் ஆறு, ஆத்துக்கு அப்புறம் கடல். கண்ணுக்கே தெரியாத தூள்டி அது. நல்ல தண்ணியில தனித்தனியா மிதக்கும். உப்புத் தண்ணியக் கண்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடியில இறங்கிடும். அந்தச் சேத்துல யாரு இருக்கா? நீ ஆசையா திங்கிற கெராங்.”

கெடுதலா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய்.

“தெரியலடி. எவ்வளவு போய்ச் சேருது, சேத்துல என்னவா மாறுது, எதுவும் முழுசாத் தெரியல. அதான் பயமா இருக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. கான்வென்டில் நாம் படித்தபோது, தெரியாது என்ற பதிலுக்குப் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். உன்னையும் அன்று மனதுக்குள் பெஞ்சு மேல் ஏற்றினேன். அந்தத் துண்டுகளை மட்டும் விடவில்லை. நீ கண்ணை மூடி ஓராண்டாகிறது. இந்த வாரமும் துவைத்துக் காயப்போட்டேன்.

இன்று மகள் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வருகிறாள். ஏழு மாதக் கர்ப்பம். நேற்று போனில், “மம்மி, வேற ஒண்ணும் வேணாம். உங்க மூணு தண்ணி கெராங் போதும்” என்றாள்.

என் பெருமையே அதுதான். உப்புப் போட்டு மூன்று முறை தண்ணீர் மாற்றினால் சிப்பி சேற்றைக் கக்கிவிடும். மூன்றாவது தண்ணீர் தெளிந்து நிற்கும். இன்றும் தெளிந்துதான் நிற்கிறது. குனிந்து பார்த்தேன். பேசினின் அடி தெரிந்தது. வேறெதுவும் தெரியவில்லை. நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும். வெள்ளி சாகுமா? உன்னிடம் கேட்க முடியாது.

வாசலில் கார் நிற்கிறது. “மம்மி, கெராங் ரெடியா?”

இல்லை என்று சொல்லப் போகிறேன். ஏன் என்பாள். நான் பெஞ்சு மேல் நிற்கவைத்த, ‘தெரியல’ என்ற உன் பதில்தான் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது தண்ணீரைக் கையில் ஏந்தி, எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நிற்கிறேன்.