வென்றவள் குடிக்காத தண்ணீர்

ஏழு கழிகளும் மூன்று குன்றங்களும் காத்தருளும் பேரரசி அருந்திறல் தேவியாரின் ஆணை நின்று நிலவுக. வடகரை நாட்டின் ஏரிகள் நிறைக. அந்நாட்டுப் பேரமைச்சர் அடலேறனார் நலம் பெருகுக. உப்பளத்துக் கொற்றன் மகளும், தன் குடியில் முதன்முதல் எழுத்தறிந்தவளும், பள்ளிகளுக்கு வாதப் பாடநெறி வகுக்க அரசியாரால் அமர்த்தப்பட்டவளுமாகிய எயினி எழுதும் ஓலை.

பிள்ளைகள் அறத்தையும் நாட்டு வழக்கத்தையும் மனப்பாடம் செய்யாமல், எதிரெதிர் நின்று வாதிட்டுக் கற்கவேண்டும் என்று நான் வகுத்த நெறியைத் தாங்கள் கேட்டிருந்தீர்கள். வரும் முழுநிலவு முதல் வடகரையின் நாற்பது பள்ளிகளிலும் தொடங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். தொடங்க வேண்டாம். காரணம் சொல்ல நாக் கூசுகிறது. ஆயினும் பிறர் வாயால் தாங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

கழிமுகப் பள்ளியில் உப்பளத்துப் பிள்ளைகள் குடிநீர்ச் சாலில் தாமே மொண்டு குடிக்கலாகாது என்று வணிகர் சிலர் முறையிட்டனர். அம்முறையீட்டை அவர்களிடமே திருப்பி எறிந்திருக்க வேண்டும். நானோ, என் நெறியின் பெருமையைக் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு ஏது என்று எண்ணி, அதையே வாதப்பொருளாக வைத்தேன். எப்பக்கம் யார் பேசுவது என்பதைச் சீட்டு முடிவுசெய்யும். வென்ற பக்கத்தின் கூற்று ஒரு மாதம் பள்ளியின் நடைமுறையாகும். இரண்டும் நான் எழுதிய விதிகள்.

மொள்ளலாம் என்று பேச வணிகர் மகன் ஒருவனுக்கும், கூடாது என்று பேச உப்பளத்துச் சிறுமி பூங்கொற்றிக்கும் சீட்டு விழுந்தது. அவன் பாடம் ஒப்பித்தான். அவளோ தன் தாயின் கைகளைப் பற்றிப் பேசினாள்: உப்புநீர் அரித்த வெடிப்பையும், அதில் ஆறாத புண்ணையும், அக்கையைச் சாலில் விட்டால் நீர் என்னாகும் என்பதையும். அவையில் ஒருவரும் அசையவில்லை. என் தாயின் கைகளும் அப்படித்தான். அவளைத் தோற்றவள் என்று சொல்லி, மொள்ளலாம் என்ற பக்கத்தை வெல்லவிட்டால், உப்பளத்தாளாகிய நான் என் சனத்துக்காக வளைந்தேன் என்பார்களே என்று அஞ்சி, வெற்றியை அவளுக்கே அளித்தேன்.

மறுநாள் முதல் பூங்கொற்றி சாலருகே வருவதில்லை. தள்ளி நின்று கை குவிக்கிறாள். யாரேனும் ஊற்றினால் குடிக்கிறாள், இல்லையேல் தாகத்தோடு திரும்புகிறாள். உப்பளத்துப் பிள்ளைகள் மற்றப் பதினொருவரும் அவ்வாறே. வணிகர் எனக்கு வெற்றிலைத் தட்டு அனுப்பி, நடுநிலை தவறாதவள் என்று புகழ்ந்தனர். முகத்தில் உமிழ்ந்திருந்தால்கூட இத்தனை சுட்டிராது.

நேற்று அவளை அழைத்து, தீர்ப்பை நீக்கப் போகிறேன், நீ மொண்டு குடி என்றேன். அவள் சொன்னதை என் நடைக்கு மாற்றாமல் எழுதுகிறேன்: "அப்ப நான் நல்லாப் பேசலையாக்கா? சும்மா செயிக்க விட்டீங்களா?"

அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு எழுத்தாணியை எடுத்தேன்.

ஆகவே, பள்ளிகளின் பொருட்டு அரசியார் எனக்களித்த சங்கு முத்திரையின் பேரால் ஆணையிடுவது: வாத முடிவு நடைமுறையாகும் என்னும் விதி இன்றோடு அழிந்தது. எந்தப் பிள்ளையின் நீரும் சோறும் இருக்கையும் எப்பள்ளியிலும் வாதப்பொருளாகா. திருத்திய பாடநெறி வந்து சேரும்வரை வடகரையில் தொடங்கற்க. பூங்கொற்றி வென்றது வென்றதே. அதை எவரும் பறிக்கலாகாது. குற்றம் அத்தலைப்பை வைத்தவள் மேல். நாளை வணிகரையும் வரவழைத்து, அவை நடுவே இதை நானே படிப்பேன். அதன் பின்னும் அவள் சாலருகே வர மறுத்தால், அவள் பக்கத்தில் நானும் கை குவித்து நிற்பேன்; ஊற்றுபவர் ஊற்றட்டும்.

எழுத்தரிடம் சொல்ல வெட்கி என் கையாலேயே கீறிய இவ்வோலைக்கு முத்திரை இட்டேன்; இதில் கண்டவாறே நிறைவேற்றுக.