ஏழு பேருக்கும் ஏழாம் எண்

சனிக்கிழமை, இரவு

எங்கள் பள்ளியின் பிளஸ் டூ கபடி அணி கூடி ஆலோசித்து, வரலாறு காணாத முடிவொன்றை எடுத்திருந்தது. அபிமான கிரிக்கெட் வீரரின் எண்ணை விட்டுத்தர ஒருவரும் தயாரில்லாததால், ஏழு பேர் பனியனிலும் ஏழு.

இன்று சிதம்பரத்தில் நடந்த போட்டியில் நடுவர் கேட்டார்: “யாரு அவுட்டுன்னு எப்படிப்பா எழுதுறது?”

“மூஞ்சியப் பாத்து எழுதுங்க சார்,” என்று கேப்டன் அவருக்கு வழிகாட்டினான்.

அணியில் கபடி ஆடத் தெரிந்தவன் இன்பராஜ் மட்டுமே. ஜெயித்தால் அவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம். “சாக்பீஸ்ல வேற நம்பர் எழுதிக்கலாம்டா,” என்றான்.

“நீ எழுதிக்கோ மச்சான். எங்களுக்கு மானம் இருக்கு.”

ஆறு பேரும் மானத்தோடு நின்றார்கள். நடுவர் அணியைக் களத்தில் இறக்கவில்லை; எதிரணி ஆடாமலே வென்றது. திரும்பும் பஸ்ஸில் அந்த ஆறு பேரும் முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இன்பராஜ் மட்டும் ஊர் வருமுன்பே செம்மங்குப்பத்தில் இறங்கிக்கொண்டான்.